பாக்ஸுக்குள் எத்தனை வயர்?

கும்மிடிப்பூண்டி சிப்காட் பக்கத்தில் என் மாமாவுக்கு மேலும் கீழுமாக ஆறு லைன் வீடுகள் இருக்கின்றன. ஒரு ஹால், ஒரு ரூம், துணி காயப்போட ஒரு சின்ன பால்கனி, அவ்வளவுதான் ஒரு வீடு. உருக்காலை, ரோலிங் மில் என்று ஷிஃப்ட் பார்க்கிற ஒடிசா, பீகார் பையன்கள்தான் குடியிருக்கிறார்கள். போன தை மாதம் அதில் ஒரு பையன், காலி செய்வதற்கு முன் வீட்டைச் சுத்தம் பண்ணிக் கொடுத்துவிடலாம் என்று ஸ்டூல் போட்டு ஏறி, ஹால் பேனல் லைட்டை ஈரத்துணியால் துடைத்திருக்கிறான். இன்னொரு கை ஜன்னல் கம்பியில். ஷாக் அடித்துக் கீழே விழுந்து மணிக்கட்டு முறிந்தது. "உசுருக்கு ஒண்ணும் ஆகல இல்ல, விடு" என்றார் மாமா.

எனக்கு விட முடியவில்லை. நான் எலக்ட்ரீஷியன் கிடையாது. திருவள்ளூர் பக்கம் காக்களூர் எஸ்டேட்டில் பதினோரு வருஷம் தரப் பரிசோதனை பார்த்தவன். ஒரு பொருள் ஏன் கெட்டது என்று தெரியாமல் அடுத்ததை பேக் பண்ண விடமாட்டோம், அந்தப் பழக்கம். ஒரு ஞாயிற்றுக்கிழமை வெர்னியரையும் டார்ச்சையும் பையில் போட்டுக்கொண்டு பஸ் மாறி மாறி கும்மிடிப்பூண்டி போனேன். மாமா, லைசென்ஸ் உள்ள ஒரு மூத்த வயர்மேனை வரச் சொல்லியிருந்தார். வீட்டுக்கு முதலில் வயரிங் செய்தவர் இவர் இல்லை. மெயினை இறக்கிவிட்டு, டெஸ்டர் வைத்துப் பார்த்துவிட்டு, லைட்டைக் கழற்றினார்.

காரணம் உடனே தெரிந்தது. லைட்டைத் தாங்கும் இரும்புப் பட்டைக்கும் பாக்ஸின் விளிம்புக்கும் நடுவே ஒரு சிவப்பு வயர் நசுங்கி, மேல் உறை பிய்ந்து, செம்பு பட்டையைத் தொட்டுக்கொண்டிருந்தது. லைட்டின் உலோக உடம்பு முழுக்க ஃபேஸ். இது நடந்தால் காப்பாற்றத்தானே எர்த் வயர்? அதைத் தேடினேன். பச்சை வயர் இரண்டு, இரண்டும் பைப் வாயோடு ஒட்ட வெட்டப்பட்டு உள்ளே தள்ளப்பட்டிருந்தன.

"எர்த்த ஏண்ணே வெட்டியிருக்காங்க?"

"பாக்ஸ்ல எடம் இல்ல தம்பி. லைட்ட ஏத்தி மாட்டணும்னா எதையாச்சும் வெட்டணும். ஃபேஸையும் நியூட்ரலையும் வெட்டினா லைட்டு எரியுமா? எர்த் இல்லன்னாலும் எரியும்."

அவர் நியாயப்படுத்தவில்லை. எப்படி நடந்திருக்கும் என்று சொன்னார், அவ்வளவுதான். ஆனால் பாக்ஸில் இடம் இல்லை என்பதை யார் முடிவு செய்வது, எதை வைத்து, என்ற கேள்வி எனக்கு அன்றைக்கு ஒட்டிக்கொண்டது. அதற்காக நம் விதிப்புத்தகங்களையும் அமெரிக்க விதிப்புத்தகத்தையும் பக்கத்தில் வைத்துப் படித்ததில் கிடைத்த குறிப்புகள்தான் இந்தக் கட்டுரை. கொஞ்சம் குறை சொல்லும் கட்டுரை. இரண்டு பக்கமும் சொல்லப்போகிறேன்.

முதலில் எண்ணிப் பார்த்தது

ஸ்லாப்பில் பதித்த வட்டமான பி.வி.சி. பாக்ஸ். வெர்னியரில் உள்விட்டம் 62 மி.மீ., ஆழம் 50 மி.மீ. கணக்குப் போட்டால் 151 கன சென்டிமீட்டர். ஒரு டம்ளர் டீயைவிடக் கொஞ்சம் அதிகம்.

இதற்குள் மூன்று பைப்கள் வந்து சேர்கின்றன. சுவிட்ச் போர்டிலிருந்து ஒன்று, ரூமுக்கு ஒன்று, பால்கனிக்கு ஒன்று. போர்டிலிருந்து வரும் பைப்பில் இந்த லைட்டின் ஃபேஸ், பால்கனி லைட்டின் ஃபேஸ், ரூமுக்குப் போகும் ஃபேஸ், எல்லாவற்றுக்கும் பொதுவாக ஒரு நியூட்ரல், ஒரு எர்த். பால்கனிக்கு ஃபேஸ், நியூட்ரல். ரூமுக்கு ஃபேஸ், நியூட்ரல், எர்த். ஆக எட்டு வயரும் இரண்டு எர்த்தும். எல்லாம் 1.5 சதுர மி.மீ. செம்பு. எல்லாம் இந்தப் பாக்ஸுக்குள்ளேயே முறுக்கி டேப் சுற்றியவை. எர்த்தை வெட்டிவிட்ட பிறகும் நான்கு ஜாயிண்ட். அதில் நியூட்ரல் ஜாயிண்ட் மட்டும் நான்கு வயர் சேர்ந்த ஒரு கொத்து.

இன்னொரு விஷயம், எர்த்தை இங்கே வெட்டியதால் ரூமுக்கும் எர்த் போகவில்லை. ரூம் லைட்டை மாட்டியவர் அங்கே பச்சை வயரை ஒழுங்காகத்தான் கொடுத்திருந்தார். அது எதோடும் சேராத வயர் என்று அவருக்குத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை.

அமெரிக்கக்காரன் எப்படி எண்ணுகிறான்

முதலில் ஒரு பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். நேஷனல் எலக்ட்ரிக்கல் கோட் என்ற பெயரில் இரண்டு புத்தகங்கள் இருக்கின்றன. ஒன்று அமெரிக்காவுடையது, 1897-இல் முதலில் வந்தது, 1911 முதல் அங்குள்ள தீத்தடுப்புச் சங்கமான என்.எஃப்.பி.ஏ. பொறுப்பில் இருக்கிறது, மூன்று வருஷத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கிறார்கள். இன்னொன்று நம்முடையது, எஸ்.பி. 30 என்ற எண்ணில் இந்தியத் தர நிர்ணய அமைப்பு 1985-இல் வெளியிட்டு 2011-இல் திருத்தியது. இணையத்தில் 'என்.ஈ.சி. சொல்கிறது' என்று யாராவது ஆரம்பித்தால் எந்த என்.ஈ.சி. என்று கேட்டுக்கொள்வது நல்லது. பாக்ஸ் கொள்ளளவுப் பேச்சு வந்தால் பெரும்பாலும் அது அமெரிக்கப் புத்தகம்.

அதில் 314.16 என்ற பிரிவு. அதன் முறை எளிமையானது. பாக்ஸின் கன அளவை ஒரு பக்கம் வை. உள்ளே வருகிற ஒவ்வொன்றுக்கும் இவ்வளவு பங்கு என்று கூட்டு. கூட்டுத்தொகை பாக்ஸைத் தாண்டக்கூடாது. 14-ஆம் எண் வயர், அதாவது சுமார் 2.1 சதுர மி.மீ., ஒன்றுக்கு 2 கன அங்குலம். நம் கணக்கில் 33 கன சென்டிமீட்டர். அதைவிடத் தடித்த 12-ஆம் எண்ணுக்கு 2.25 கன அங்குலம், ஏறக்குறைய 37.

எதை எண்ணுவது, எதை விடுவது என்பதுதான் இதில் சுவாரஸ்யம். வெளியிலிருந்து வந்து பாக்ஸுக்குள் ஜாயிண்ட் ஆகிற ஒவ்வொரு வயரும் ஒன்று. வெட்டாமல் ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் போகிற வயரும் ஒன்று. பாக்ஸுக்குள்ளேயே தொடங்கி உள்ளேயே முடிகிற துண்டு வயருக்குக் கணக்கு இல்லை. உள்ளே வயரைப் பிடிக்கும் கிளாம்ப் எத்தனை இருந்தாலும் சேர்த்து ஒரு பங்கு. லைட்டைத் தாங்க உள்ளே தண்டு இருந்தால் அதற்கு ஒன்று. சுவிட்ச் போன்ற சாதனம் இருந்தால் இரண்டு. குமிழ் மாதிரி மூடி உள்ள லைட் என்றால், அதிலிருந்து வரும் மெல்லிய வயர்கள் நான்கு வரை கணக்கில் சேராது, அந்த மூடியே இடம் தருகிறது என்பதால். எர்த்துக்கு மட்டும் தனிச் சலுகை. முன்பெல்லாம் எத்தனை எர்த் வயர் வந்தாலும் மொத்தத்துக்கும் ஒரே பங்கு. 2020 பதிப்பிலிருந்து நான்கு வரை ஒரு பங்கு, அதற்கு மேல் ஒவ்வொன்றுக்கும் கால் பங்கு.

மாமா வீட்டுப் பாக்ஸை இந்தத் தராசில் வைத்தேன். நம் 1.5 சதுர மி.மீ. வயர் அவர்களுடைய 14-ஐவிடக் கொஞ்சம் மெல்லியது, 16-ஐவிடக் கொஞ்சம் தடித்தது. 14 என்றே வைத்துக்கொள்வோம். எட்டு வயர், எட்டுப் பங்கு. எர்த் இரண்டும் சேர்த்து ஒன்று. மொத்தம் ஒன்பது, 297 கன சென்டிமீட்டர் வேண்டும். இருப்பது 151. நாலரைப் பங்கு கொள்கிற இடத்தில் ஒன்பது பங்கு. பட்டைக்கு அடியில் வயர் நசுங்கியதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

ஆனால் பாக்ஸ் காலியாகத்தான் இருக்கிறது

இங்கே ஒரு ஆட்சேபம் வரும். எனக்கே வந்தது. 1.5 சதுர மி.மீ. வயரின் வெளிவிட்டம் சுமார் 3 மி.மீ. ஒரு வயருக்கு 15 செ.மீ. நீளம் பாக்ஸுக்குள் விட்டால் அது அடைக்கிற இடம் ஒரு கன சென்டிமீட்டர்தான். பத்து வயருக்கு பத்து, பதினொன்று. 151-இல் 11 போனால் பாக்ஸில் பத்தில் ஒன்பது பங்கு காற்று. அப்புறம் ஒரு வயருக்கு 33 என்று அமெரிக்கக்காரன் கேட்பது அநியாயம் இல்லையா?

வயர்மேனிடம் கேட்டேன். சிரித்தார். கையில் இருந்த துண்டு வயரைக் கொடுத்து, "மடிச்சு அந்த பாக்ஸுக்குள்ள வை தம்பி, அப்புறம் கணக்கு போடலாம்" என்றார். மடித்துப் பார்த்தால் புரிகிறது. செம்பு வயர் பட்டு நூல் இல்லை. மடித்த இடத்தில் மடங்காமல் விறைக்கும், கையை எடுத்ததும் வெளியே தள்ளும். பத்து வயர் சேர்ந்து தள்ளும்போது, லைட்டை மேலே அழுத்திப் பிடித்துக்கொண்டே இன்னொரு கையால் திருகு முடுக்க வேண்டியிருக்கிறது. எந்த வயர் எங்கே நசுங்குகிறது என்று பார்க்க மூன்றாவது கண் கிடையாது.

அதனால் அந்த 33 என்பது வயருக்கான இடம் என்று படித்தால் தப்பாகப் படிக்கிறோம். அது கைக்கான இடம். அதே அமெரிக்கப் புத்தகம் இன்னொரு பிரிவில், ஒவ்வொரு பாக்ஸிலும் வயர் குறைந்தது 6 அங்குலம் மிச்சம் விட்டிருக்க வேண்டும் என்கிறது. நீளம் விடு என்று ஒரு விதி, அந்த நீளத்தை மடித்து வைக்க இடம் கொடு என்று இன்னொரு விதி. இரண்டையும் சேர்த்துப் படித்தால்தான் அர்த்தம். நீளம் இருந்தால்தான் பாக்ஸுக்கு வெளியே இழுத்துவைத்து, கண்ணால் பார்த்து, கனெக்டரில் ஒழுங்காக ஜாயிண்ட் போட முடியும். மாமா வீட்டுப் பாக்ஸில் வயர்கள் விரல் நீளத்துக்கு வெட்டப்பட்டிருந்தன. இடமில்லாததால் குட்டையாக வெட்டியிருக்கிறார்கள், குட்டையானதால் ஜாயிண்ட் மோசமாகியிருக்கிறது.

மோசமான ஜாயிண்ட் என்ன செய்யும் என்பதற்கும் ஒரு கணக்கு. லைட் சர்க்யூட் முழுச் சுமையில் 800 வாட் என்றால் 230 வோல்ட்டில் மூன்றரை ஆம்பியர். 1.5 சதுர மி.மீ. வயருக்கு அது தூசு. ஆனால் அந்த மூன்றரை ஆம்பியரும் கடந்துபோகிற ஒரு முறுக்கு ஜாயிண்ட் தளர்ந்து, அரை ஓம் தடை காட்டுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்றரையை மூன்றரையால் பெருக்கி அரையால் பெருக்கினால் ஆறு வாட். இரண்டு விரலுக்கு நடுவில் அடங்குகிற புள்ளியில், மூடிய பிளாஸ்டிக் பாக்ஸில், ஆறு வாட். மேலே மொட்டை மாடி வெயில். கத்திரி வெயிலில் திருத்தணி நாற்பதைத் தாண்டியது என்று செய்தி படிக்கிற மாவட்டம் இது. பி.வி.சி. உறைக்கு எல்லை 70 டிகிரி. மாமா வீட்டு நியூட்ரல் கொத்தில் டேப் பழுப்பேறி உருகிய கோந்து மாதிரி கையில் ஒட்டியது.

இதில் அமெரிக்க விதியின் மேலும் ஒரு குறை சொல்லவேண்டும். பெரிய பாக்ஸ் கெட்ட ஜாயிண்ட்டை நல்லதாக்காது. 297 கன சென்டிமீட்டர் பாக்ஸிலும் தளர்ந்த முறுக்கு சூடாகத்தான் செய்யும். பங்குக் கணக்கு நல்ல ஜாயிண்ட்டுக்கு வாய்ப்பைத் தருகிறது, அதற்கு மேல் உத்தரவாதம் தருவதில்லை. அட்டவணையை மனப்பாடமாக ஒப்பிக்கிறவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள்.

நம் புத்தகம் எதை எண்ணுகிறது

சரி, நம்ம பக்கம் வருவோம். வீட்டு வயரிங்குக்கு அடிப்படை ஐ.எஸ். 732. 1989 பதிப்பு நெடுங்காலம் புழக்கத்தில் இருந்தது, 2019-இல் புதுப்பித்தார்கள். நடைமுறையில் நிறைய ஒப்பந்ததாரர்கள் கையில் வைத்திருப்பது மத்தியப் பொதுப்பணித்துறையின் மின்பணி விவரக்குறிப்பு. எண்ணுவதில் இந்தப் புத்தகங்கள் சளைத்தவை இல்லை. ஒரு லைட் சர்க்யூட்டில் பத்துப் பாயிண்ட், அல்லது 800 வாட், எது முன்னால் வருகிறதோ அதோடு நிறுத்து. பைப்புக்குள் எத்தனை வயர் என்பதற்கு முழு அட்டவணையே உண்டு. பொதுப்பணித்துறை அட்டவணைப்படி 20 மி.மீ. பைப்பில் 1.5 சதுர மி.மீ. வயர் நேராகப் போனால் ஐந்து, வளைந்தால் நான்கு. 25 மி.மீ. பைப் என்றால் பத்து, எட்டு. நேர் என்பதற்கும் விளக்கம் இருக்கிறது: இழுக்கும் பாக்ஸ்களுக்கு நடுவே நாலேகால் மீட்டருக்கு மிகாமல், 15 டிகிரிக்கு மேல் திரும்பாமல் இருக்கவேண்டும்.

எவ்வளவு நுணுக்கம் பாருங்கள். 15 டிகிரி திரும்பினால் ஒரு வயர் குறை என்று சொல்லத் தெரிந்த புத்தகம், அந்தப் பைப்புகள் மூன்று வந்து சேர்கிற பாக்ஸில் எத்தனை வயர் இருக்கலாம் என்று இதுபோல ஓர் அட்டவணை போடவில்லை. மாமா வீட்டில் போர்டிலிருந்து வந்த 20 மி.மீ. பைப்பில் ஐந்து வயர். நேர்க் கணக்கில் சரி, வளைவுக் கணக்கில் ஒன்று அதிகம். பைப்பை வைத்து அந்த வயரிங்குக்கு மார்க் போட்டால் பாஸ் ஆகிவிடும். பையன் விழுந்தது பைப்பால் இல்லை.

இது வெறும் மறதி என்றுதான் முதலில் நினைத்தேன். இன்னும் கொஞ்சம் படித்ததும் காரணம் புரிந்தது. நம் புத்தகங்கள் லூப்பிங் முறையை நம்புகின்றன. அந்த முறையில் வயரின் நடுவே ஜாயிண்ட் கிடையாது. சுவிட்ச், சீலிங் ரோஸ், ஹோல்டர் இவற்றின் திருகுமுனையில் மட்டும்தான் ஒரு வயர் முடிந்து அடுத்தது தொடங்கலாம். அப்படி இருந்தால் ஸ்லாப் பாக்ஸுக்கு என்ன வேலை? வயர் இழுக்க ஒரு வழி, பைப் திரும்ப ஒரு இடம், ஃபேனோ லைட்டோ தொங்க ஒரு பிடி. ஜாயிண்ட்டே இல்லாத பாக்ஸுக்கு எதற்குக் கொள்ளளவு விதி? காகிதத்தில் சரியான தர்க்கம்.

ரவுண்ட் பிளாக் போன பிறகு

ஒரு காலத்தில் வீட்டிலும் அது சரியாகத்தான் இருந்தது. என் தாத்தா வீட்டில் தேக்குச் சட்டத்தில் கிளிப் அடித்த வயரிங். சீலிங்கில் ஒரு மர ரவுண்ட் பிளாக், அதன்மேல் வெள்ளையாகவோ பழுப்பாகவோ ஒரு சீலிங் ரோஸ். மூடியைத் திருகினால் கைக்கு வரும், உள்ளே திருகுமுனைகள் கண்ணுக்குத் தெரியும். ஜாயிண்ட் எங்கே என்று தேட வேண்டாம், அது சுவரின்மேல், எல்லோருக்கும் முன்னால் இருந்தது. அசிங்கம் என்றோம். பைப்பைச் சுவருக்குள்ளும் ஸ்லாப்புக்குள்ளும் புதைத்தோம். சட்டம் போனது, ரவுண்ட் பிளாக் போனது. சீலிங் ரோஸ் பல வீடுகளில் ஃபேனுக்கு மட்டும் மிஞ்சியது. அதன் வேலையைச் செய்யச் சொல்லி யாரும் சொல்லாமலே டீப் பாக்ஸ் ஏற்றுக்கொண்டது.

அப்புறம் எல்.ஈ.டி. வந்தது. பழைய டியூப் லைட் பட்டி தன் சோக்கைத் தானே சுமந்தது. பட்டிக்குள் வயர் மடிக்கவும் இடம் இருந்தது. இப்போது மெல்லிய பேனல்தான் அழகு. மெல்லியதாக இருக்கவேண்டும் என்றால் டிரைவர் வேறு எங்காவது போகவேண்டும். ஃபால்ஸ் சீலிங் உள்ள வீட்டில் பிரச்சினை இல்லை. வெறும் ஸ்லாப் உள்ள லைன் வீட்டில் அது பாக்ஸுக்குள்தான் போகிறது. ஸ்பிரிங் வைத்து டீப் பாக்ஸுக்குள்ளேயே சொருகிக்கொள்கிற லைட்டும் கடையில் கிடைக்கிறது. அந்த லைட் முதலில் அடைப்பதே வயருக்கான இடத்தைத்தான். விதிப்புத்தகம் காலி வழி என்று நினைத்த பாக்ஸ் இன்றைக்கு வீட்டிலேயே நெரிசலான அறை.

வயர்மேன்களைத் திட்டிவிட்டு முடித்துவிடலாம், அது சுலபம். ஆனால் பாக்ஸ் தேர்வு செய்யப்படுகிற நாளை யோசித்துப் பாருங்கள். கம்பி கட்டி முடிந்து, மறுநாள் காலை கான்கிரீட். சாயங்காலம் வந்து ஸ்லாப் பைப் போடுகிறார்கள். எந்த லைட் வரும், எத்தனை வயர் வரும் என்று வீட்டுக்காரருக்கே அன்றைக்குத் தெரியாது. கடையில் '4-வே டீப் பாக்ஸ்' என்று கேட்டால் ஒரே அளவுதான் கைக்கு வருகிறது. எட்டு மாதம் கழித்து லைட் மாட்ட வருகிறவர் பல சமயம் வேறு ஆள். கூலி பாயிண்ட் கணக்கு. போர்டிலிருந்து ஒவ்வொரு லைட்டுக்கும் தனியாக நியூட்ரல் இழுத்தால் வயர் செலவு வீட்டுக்காரர் தலையில், நேரம் இவர் தலையில். பாக்ஸிலேயே ஒரு முறுக்கு முறுக்கினால் இரண்டும் மிச்சம். இணைப்புக் கொடுக்கிறபோது மீட்டர் பலகையையும் எர்த் குழியையும் பார்ப்பார்கள். தலைக்கு மேல் இருக்கும் பாக்ஸை யாரும் திறந்து நான் பார்த்ததில்லை.

அப்படியே எடுத்து ஒட்டலாமா?

அமெரிக்க அட்டவணையை இங்கே கொண்டுவந்துவிட்டால் போதும் என்று நான் சொல்லவில்லை. மாமா வீட்டையே புத்தகப்படி லூப்பிங் முறையில் செய்திருந்தால் என்ன ஆகும் என்று எண்ணிப் பார்த்தேன். ரூமுக்குப் போகும் இரண்டு வயர், பால்கனிக்குப் போகும் இரண்டு வயர், நான்கும் வெட்டாமல் கடந்து போகும். இந்த லைட்டுக்கு இரண்டு. எர்த்துக்கு ஒன்று. ஏழு பங்கு, 231 கன சென்டிமீட்டர். 151-இல் அதுவும் அடங்காது! ஆனால் பாதுகாப்பில் இரண்டும் ஒன்றா? ஒன்றில் நான்கு முறுக்கு ஜாயிண்ட். இன்னொன்றில் லைட்டின் கனெக்டரைத் தவிர ஜாயிண்ட்டே இல்லை. வெட்டாத வயரையும் வெட்டி முறுக்கிய வயரையும் ஒரே பங்காக எண்ணுகிற அட்டவணை, ஜாயிண்ட் எல்லாம் பாக்ஸில்தான் என்று முதலிலேயே ஒப்புக்கொண்ட ஊருக்குச் சரி. நம் முறைக்கு அது முரட்டுத் தராசு.

எனக்கு அந்தப் புத்தகத்தில் பிடித்தவை வேறு மூன்று. ஒன்று, பிளாஸ்டிக் பாக்ஸ் என்றால் அதன் கன அளவை உற்பத்தியாளர் அழியாதபடி பாக்ஸிலேயே பொறித்திருக்க வேண்டும். நம் பாக்ஸில் கம்பெனி பெயர் இருக்கிறது, '25 மி.மீ.' என்று பைப் அளவு இருக்கிறது, கொள்ளளவு இல்லை. தரப் பரிசோதனைக்காரனாகச் சொல்கிறேன், அச்சில் இன்னொரு வரி பொறிக்க ஒரு பாக்ஸுக்கு ஆகும் கூடுதல் செலவு கிட்டத்தட்ட சைபர். இரண்டு, எந்தப் பாக்ஸும் சுவரையோ சீலிங்கையோ உடைக்காமல் திறந்து பார்க்கும்படி இருக்கவேண்டும். நாம் பட்டி பூசி மூடுகிறோம். மூன்று, எர்த்துக்குக் கொடுத்த சலுகை. நான்கு எர்த் வரை ஒரே பங்கு என்றால், இடம் போதவில்லை என்று எர்த்தை வெட்ட யாருக்கும் கணக்கு இடம் தராது. அந்த நோக்கத்தில்தான் எழுதினார்களா என்பதற்குள் நான் போகவில்லை. பையன் விழுந்த வீட்டிலிருந்து படிக்கிறவனுக்கு அப்படித்தான் தெரிகிறது.

நம் புத்தகத்தில் மாறவேண்டியது என்று நான் நினைப்பதும் இதை ஒட்டியதுதான். ஸ்லாப் பாக்ஸில் ஜாயிண்ட் போடுவார்கள் என்ற உண்மையை ஒப்புக்கொள்ளட்டும். 'போடாதே' என்று சொல்வது மட்டும் போதாது, 'போட்டால் இவ்வளவு இடம், இந்த மாதிரி கனெக்டர், எர்த் வெட்டக்கூடாது' என்று ஒரு சின்ன அட்டவணை, பைப் அட்டவணைக்குப் பக்கத்திலேயே. வெட்டாத வயருக்குக் குறைந்த பங்கு, ஜாயிண்ட்டுக்கு அதிகப் பங்கு, டிரைவருக்குத் தனிப் பங்கு. மின்கம்பியாள் உதவியாளர் தேர்வில் பைப் அட்டவணை தெரிந்தவனுக்கு இதுவும் தெரியவரும்.

மாமா வீட்டில் என்ன செய்தோம்

ஸ்லாப்பை உடைக்க முடியாது. வயர்மேன் அண்ணன் சொன்ன வழி எளிமையாக இருந்தது. பழைய பாக்ஸை ஒட்டி சீலிங்கின் மேற்பரப்பில் ஒரு 4x4 பாக்ஸ். நூறுக்கு நூறு, ஆழம் ஐம்பது மி.மீ. ஓரத்தைக் கழித்தாலும் 450 கன சென்டிமீட்டர், அமெரிக்கக் கணக்கில் பதின்மூன்று பங்கு. குட்டையான வயர்களைப் பின்னால் இருந்து புதிதாக இழுத்து, ஜாயிண்ட் எல்லாவற்றையும் இதற்குள் கொண்டுவந்து கனெக்டரில் மாட்டினார். பைப்புக்குள் போயிருந்த பச்சை வயர் இரண்டையும் மாற்றி, லைட் உடம்புக்கு எர்த் கொடுத்தார். மூடிக்கு நான்கு திருகு. பட்டி பூசக்கூடாது என்று மாமாவிடம் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறேன். போர்டில் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. ஒன்றும் போட்டோம், எர்த் தவறினாலும் ஆளைக் காப்பாற்ற.

"பாக்க நல்லா இல்லடா" என்றார் மாமா. உண்மைதான், சீலிங்கில் ஒரு வெள்ளைச் சதுரம் துருத்திக்கொண்டிருக்கிறது. தாத்தா வீட்டு ரவுண்ட் பிளாக் மாதிரியே.

மீதி ஐந்து வீட்டையும் திறந்து பார்த்தோம். மூன்றில் எர்த் வெட்டியிருந்தது. எல்லாம் ஒரே ஆள் செய்த வேலை, ஒரே பாக்ஸ், ஒரே அளவு. மூன்றையும் சரி செய்தாயிற்று. பையன் கட்டு பிரித்து மார்ச்சில் வேலைக்குத் திரும்பிவிட்டான், இப்போது வேறு வீட்டில் இருக்கிறான். அந்த வீட்டு பாக்ஸை யாரும் திறந்து பார்த்திருக்கமாட்டார்கள்.

உங்கள் வீட்டில் அடுத்த முறை லைட் மாற்ற ஆள் வரும்போது, மெயினை இறக்கச் சொல்லிவிட்டு, மூடுவதற்கு முன் ஒரு நிமிஷம் நீங்களும் எட்டிப் பாருங்கள். பச்சை வயர் எங்கே போகிறது என்று கேளுங்கள். நீங்களே கை வைக்க வேண்டாம். ஸ்லாப் போடப் போகிறவர்கள் என்றால், முதல்நாள் சாயங்காலம் ஒரு டீ வாங்கிக் கொடுத்துவிட்டு, 'மூணு பைப் சேர்ற எடத்துல பெரிய பாக்ஸா போடுங்கண்ணே' என்று சொல்லுங்கள். டீ காசை விடக் கொஞ்சம்தான் கூட ஆகும்.